இல்லாத பாலத்துக்கு நன்றி

கம்பெனி பஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் ஏரித் தண்ணீர் வந்து போகும் தரைப்பாலம். அதைக் கடந்தால்தான் மேட்டுக்குப்பம்.

தேவதர்ஷினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடிதாரைச் சுருட்டிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினாள். இன்னும் மழையே தொடங்கவில்லை. அதற்குள் தண்ணீர் முட்டிவரை ஏறியிருந்தது. நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். தரைப்பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு பிளக்ஸ், அந்தப் பக்கம் ஒரு பிளக்ஸ்.

'பாலம் தந்த தலைவருக்குக் கோடானுகோடி நன்றி!' என்றது குடைக் கட்சியின் பிளக்ஸ். தலைவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழ் மூலையில் கிளைச் செயலாளர் துலுக்காணம், கறுப்புக் கண்ணாடியுடன். அவளுடைய அப்பா.

'மேட்டுக்குப்பத்தின் கனவை நனவாக்கிய எங்கள் தாயே!' என்றது மணிக் கட்சியின் பிளக்ஸ். கீழ் மூலையில் கிளைச் செயலாளர் கனகாம்பாள், கைகூப்பியபடி. அவளுடைய மாமியார்.

பாலம் மட்டும் எங்கேயும் இல்லை.

நடந்தது இதுதான். கோடையில் யாரோ ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து தண்ணீரைப் பார்த்து, "பாலம் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே துலுக்காணம் கும்மிடிப்பூண்டிக்குப் போய் பிளக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார். முந்திக்கொள்ளாவிட்டால் பெயர் மணிக்காரர்களுக்குப் போய்விடும் என்ற பயம். கடையில் ஏற்கெனவே கனகாம்பாள் உட்கார்ந்திருந்தாள், அதே பயத்தோடு. இரண்டும் ஒரே இயந்திரத்தில் அச்சாகி, ஒரே மினி லாரியில் ஊருக்கு வந்தன.

பிறகு அளவெடுக்க ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். தரைப்பாலம் தண்ணீரில் கிடந்ததால் தார் ரோட்டிலேயே நின்று இரண்டு பிளக்ஸையும் போட்டோ பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். பாலம் வேறு ஏதோ திட்டத்தில் வந்துவிட்டது, ஊரே நன்றி சொல்கிறது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

இந்தச் சேதியைத் தேவதர்ஷினி நேற்றுத்தான் தெரிந்துகொண்டாள். லீவு போட்டு, பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துத் திருவள்ளூர் போயிருந்தாள். அங்கே பொறியாளர் ஹேமாம்புஜம், நெற்றியில் மெல்லிய சிவப்பு நாமக்கோடு இட்டவர், போட்டோக்களைக் காட்டினார்.

"பாலமே வரலைங்கறேள். அப்போ இந்த நன்றி எதுக்கும்மா?"

தேவதர்ஷினி போட்டோக்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு கட்சி மட்டும் வந்து இல்லேன்னு சொன்னா, இன்னொரு கட்சி பொய்ங்கும். எனக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். சேர்ந்து ஒரே மனு. இந்த மாசத்துக்குள்ள வந்தா, மறுபடி கோப்பைத் திறக்கலாம். இல்லேன்னா பணம் வேற ஊருக்குப் போயிடும்."

இன்று தரைப்பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தபோது, அவள் புருஷன் பரணிதரன் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சேர்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஊசியை வாயில் கவ்வியபடியே சிரித்தான்.

"இன்னாமே, கம்பெனில இன்னா சொன்னாங்கோ?"

"பர்மனென்ட் லெட்டர் ரெடியாம். சூப்பர்வைசர் வேலை. ஆனா மழைக்காலத்துல லீவே போடக் கூடாதாம்."

சிப்காட்டில் அந்த மின்சாதனக் கம்பெனியில் அவள் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து ஆறு வருடம். மழை பிடித்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும். கடந்த இரண்டு மழைக்காலத்தையும் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஹாஸ்டலில்தான் கழித்தாள். கல்யாணமாகியும் ஹாஸ்டலா என்று அறைத்தோழிகள் கேலி செய்வார்கள். சாயங்காலமானால் பரணிதரன் போனில் ஏரியின் சத்தத்தைக் கேட்கவைப்பான்.

"அப்ப டவுன்லயே ஊடு பாத்துருவோம்" என்றான் பரணிதரன். "நானும் எதுனா கம்பெனில ஹெல்ப்பரா சேந்துக்கறேன். ஏசி காத்து. மீன் நாத்தம் இல்ல. நீயும் சந்தோஷமா இருக்கலாம்."

சொல்லும்போது அவன் நிமிரவில்லை. அதே கண்ணியில் ஊசியைக் கோத்தான், அவிழ்த்தான், மறுபடியும் கோத்தான். ஏரியில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இறால் வரும் நேரம் சொல்பவன் அவன். அவனை ஒரு தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திவைத்துவிட்டுத் தான் சூப்பர்வைசராக இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வேலையை விடவும் அவளுக்கு மனமில்லை. அது அவள் உழைத்து வாங்கியது.

"ஊடு பாக்க வேணாம்" என்றாள். "இந்த ஊட்லதான் இருப்போம். நான் வேலைக்கும் போவேன். பாலம் வரும்."

"எப்பிடி வரும்?"

"வரவெக்கறேன். போய் நைனாவைச் சாப்பிடக் கூப்புட்டுக்கினு வா. மடவை மீன் கொழம்புன்னு சொல்லு. அத்தை சமைச்சதுன்னு சொல்லாத."

துலுக்காணம் சைக்கிளில் வந்தார். அந்த சைக்கிளில் மணி கிடையாது. எதிர்க்கட்சிச் சின்னத்தைத் தன் வண்டியில் வைத்திருப்பதா என்று கழற்றி எறிந்து பல வருடமாகிறது. எதிரே யாராவது வந்தால் "ஓரம், ஓரம்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். கனகாம்பாளும் சளைத்தவளில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் குடை பிடிக்கமாட்டாள். சிமென்ட் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவாள். மகனின் காதல் கல்யாணத்தில் அடைமழை கொட்டியபோதும், பட்டுப்புடவையோடு சாக்கைப் போட்டுக்கொண்டுதான் சம்பந்தியை வரவேற்றாள்.

இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை தேவதர்ஷினி பொறுத்திருந்தாள். பிறகு கோப்பு மூடப்பட்ட கதையைச் சொன்னாள்.

"பாத்தியா!" என்று துலுக்காணம் எழுந்தேவிட்டார். "மணிக்காரங்க வெச்ச பிளக்ஸால வந்த வினை!"

"யாரு அண்ணே மொதல்ல வெச்சது?" என்றாள் கனகாம்பாள்.

"நான் மொதல்ல வெச்சேன். ஆனா நீ மொதல்ல கடைக்குப் போனல்ல, சம்பந்திம்மா?"

"உக்காருங்க நைனா" என்றாள் தேவதர்ஷினி. "ரெண்டு பேரும் பொய்தான். இப்ப ரெண்டு பேரும் சேந்து போய், பாலம் இல்லன்னு சொல்லணும். சேந்து ஒரே மனு குடுக்கணும்."

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"கூட்டணியா?" என்றார் துலுக்காணம். "தலைமைக்குத் தெரிஞ்சா என்னைக் கட்டம் கட்டிடுவாங்க கண்ணு. மணியோட கூட்டணின்னு பேப்பர்ல போடுவான்."

"கூட்டணின்னா எலக்‌ஷனுக்கு. சீட்டு பிரிச்சிக்கறது, ஒரே மேடையில நின்னு ஓட்டு கேக்கறது. அதை யாரு கேட்டது இப்போ?" என்றாள் தேவதர்ஷினி.

"அப்ப கட்சி சார்பற்றதுன்னு போட்டுரு" என்றாள் கனகாம்பாள். "ஊர் பொதுமக்கள்னு எழுதிட்டா முடிஞ்சிது."

துலுக்காணத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை. "முப்பது வருஷமா கொடி புடிச்சவன் நானு. என்னைக் கட்சியே இல்லாதவன்னு எழுதுவியா? நான் கையெழுத்து போட மாட்டேன்."

"எனக்கு மட்டும் இன்னா, கட்சி இல்லியா?" என்று கனகாம்பாளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. தான் சொன்ன யோசனை என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. "அனைத்துக் கட்சின்னு போடு."

"அனைத்துக் கட்சியா? போன வருஷம் தண்ணி டேங்குக்குக் கூட்டினாங்களே, அனைத்துக் கட்சிக் கூட்டம். டீ வந்துச்சு, பஜ்ஜி வந்துச்சு. துண்ணுட்டு நீ வெளிநடப்பு செஞ்ச. நான் கண்டனம் சொன்னேன். டேங்கு வந்துச்சா?"

"கட்சி கடந்துன்னு போடலாமா?" என்றாள் தேவதர்ஷினி.

"நான் எதுக்குக் கடக்கணும்? நான் என் கட்சியிலதான கீறேன்."

தேவதர்ஷினி மனு எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை, ஆனால் அதில் வேறு ஒரு அழுத்தம் வந்திருந்தது.

"அதைத்தான் நைனா நானும் சொல்றேன். நீங்க குடையிலயே இருங்க. அத்தை மணியிலயே இருக்கட்டும். எலக்‌ஷன் வந்தா ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஒரு வேலைக்கு மட்டும், கட்சியை உடாம, ஒரே பக்கம் நில்லுங்க. காலேஜ்ல இங்கிலீஷ்ல இதுக்கு ஒரு வார்த்தை படிச்சேன். பைபார்ட்டிசன்."

"மாத்திரை பேராட்டம் கீது" என்றாள் கனகாம்பாள்.

"மாத்திரைதான் அத்தை. முழுங்கித்தான் ஆவணும்."

வாசலிலிருந்து பரணிதரன் பேசினான். "சுத்துவலை போடறப்போ எதிரெதிர் முனையில ரெண்டு பேரு நிப்போம். நான் அந்தப் பக்கம் போய் நிக்கறதில்ல, அவன் இந்தப் பக்கம் வர்றதில்ல. ஆனா ஒரே நேரத்துல இழுக்கறோம். ஒருத்தன் முந்தினாலும் மீன் போயிடும். ரெண்டு பேரும் முந்திட்டீங்க. மீன் போயிடுச்சு. அவ்ளோதான் மேட்டரு."

கனகாம்பாள் சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு துலுக்காணம் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எல்லாம் சரி. ஆனா மனு குடுக்கணும்னா பிளக்ஸை எறக்கணும். தலைவர் மூஞ்சியை நான் எப்பிடி எறக்குவேன்? அவங்க மொதல்ல எறக்கட்டும்."

"அண்ணன் எறக்கட்டும். பின்னாலயே நானும் எறக்கறேன்."

"நம்பமாட்டேன்."

"நானும்தான்."

தேவதர்ஷினி போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சரி. நீங்க கையெழுத்து போட வேணாம். நானே தனியா மனு குடுக்கறேன். பாலம் இல்லன்னு நிரூபிக்கறதுக்கு இன்னைக்கு சாயங்காலம் போட்டோ எடுத்துட்டேன். முட்டிக்கால் தண்ணியில நான், பின்னாடி பிளக்ஸு. ரெண்டு பக்கமும் எடுத்தேன். 'பாலம் தந்த தலைவருக்கு நன்றி'ன்னு எழுத்து பளிச்சுன்னு தெரியுது. ரெண்டு பேரு மூஞ்சியும் ரொம்ப நல்லா வந்துருக்கு. கலெக்டருக்கும் அனுப்புவேன், பேப்பருக்கும் அனுப்புவேன்."

"பெத்த அப்பன்டி நானு!"

"அதான் நைனா, உங்களை அழகா எடுத்துருக்கேன்."

கனகாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான். பிறகு அவள் முகம் மாறியது. அறை மூலையில், மழைக்காலம் வந்தால் மருமகள் தூக்கிக்கொண்டு போகும் நீலப் பை இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பை, புதிது. மகனுடையது.

"பரணி, நீயும் போறியாடா?" என்றாள்.

"பாலம் வரலன்னா போவேம்மா. ஒவ்வொரு மழைக்கும் பொண்டாட்டிய போன்ல பாத்துக்கினு என்னால இருக்க முடியாது."

கனகாம்பாள் அந்தப் புதுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காலையில ரெண்டையும் ஒண்ணா எறக்குவோம். வலை மாதிரி."

பொழுது விடிந்ததும் ஊரே தரைப்பாலத்தில் கூடிவிட்டது. குடைக்காரர்கள் தங்கள் பிளக்ஸின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணிக்காரர்கள் தங்களுடைய கயிற்றை. ஒருவர் மற்றவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், தண்ணீரில், பரணிதரன் கையைத் தூக்கி நின்றான்.

"நான் சொன்னப்புறம்தான். மாமா, முந்தாதீங்க. யம்மா, நீயும்தான். ம்... இழு!"

இரண்டு சட்டங்களும் ஒன்றாகச் சாய்ந்தன. தலைவரும் தலைவியும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்துப் படுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். எந்தக் கட்சிக்காரர் என்று தெரியாததால் எல்லோரும் தட்டிவிட்டார்கள்.

திருவள்ளூர் பஸ் பெரியபாளையத்தைத் தாண்டும் முன்பே துலுக்காணத்தின் போன் அடித்தது. கட்சி ஒன்றியத்திலிருந்து. அந்தக் குரல் பக்கத்து சீட்டில் இருந்த கனகாம்பாளுக்கே கேட்டது.

"இன்னாய்யா, பிளக்ஸை எறக்கிட்டியாம்! மணியோட கூட்டணியா?"

துலுக்காணம் ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கூட்டணி இல்லீங்க. எலக்‌ஷன்ல இந்தம்மாவை டெபாசிட் போக அடிப்பேன், அதுல சந்தேகமே வேணாம். பாலத்துக்கு மட்டும் ஒண்ணா போறோம். இல்லாத பாலத்துக்கு நன்றி சொல்லிட்டோம்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா தலைவருக்குத்தான அசிங்கம்?"

மறுமுனையில் யாரிடமோ விசாரிக்கும் சத்தம். பிறகு, "பாலம் வந்தா திறப்பு விழாவுல நம்ம கொடிதான் உசரமா இருக்கணும்" என்று சொல்லி அந்தக் குரல் துண்டித்துக்கொண்டது.

"டெபாசிட் போக அடிப்பீங்களா?" என்றாள் கனகாம்பாள்.

"பின்ன?"

"அடிங்க பாக்கலாம். நாஷ்டா துண்ணீங்களா?" என்று இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள்.

அலுவலகத்தில் ஹேமாம்புஜம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். முதலில் அவரவர் வாயால் சொல்ல வேண்டும் என்றார். துலுக்காணம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாலம் இல்லீங்க மேடம். நான் வெச்ச பிளக்ஸு பொய்."

"நான் வெச்சதும் பொய்தாம்மா" என்றாள் கனகாம்பாள். "அவரு முந்திடுவாருன்னு வெச்சேன்."

ஹேமாம்புஜம் சிரிக்காமல் தலையாட்டினார். மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "தலைப்பு காலியா இருக்கே?" என்று தேவதர்ஷினியைக் கேட்டார்.

"எந்த வார்த்தைக்கும் ரெண்டு பேரும் ஒத்துக்கலை மேடம்" என்று முந்தின நாள் சண்டையை அப்படியே சொன்னாள்.

ஹேமாம்புஜம் யோசித்தார். "எங்காத்துலயும் இந்த வழக்கு உண்டும்மா. ஆத்துக்காரர் வடகலை, எங்க அப்பா தென்கலை. ரெண்டு பேரும் நாமத்தை மாத்திண்டதே இல்லை. ஆனா உற்சவத்துல பெருமாளைத் தோள்ல தூக்கும்போது ஆளுக்கொரு பக்கம் தண்டு. இவா ரெண்டு கட்சிதானே? 'இருகட்சி மனு'ன்னு போட்டுடறேனே."

கனகாம்பாள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இருகட்சி. ரெண்டும் அதுலயே கீது. எதுவும் போவல."

"யாரும் எதையும் கடக்கல" என்றார் துலுக்காணம். "எங்க, பேனா குடுங்க."

கையெழுத்து யார் முதலில் என்று மறுபடியும் ஒரு நொடி தயங்கினார்கள். தேவதர்ஷினி இரண்டு பேனாக்களைக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஹேமாம்புஜம் தானே அளவெடுக்க வந்தார். ஜீப் தார் ரோட்டில் நின்றது. "இதுக்குமேல வண்டி வராதா?" என்று டிரைவர் கேட்டார். "வந்துச்சுன்னா பாலம் எதுக்கு சார்?" என்று பரணிதரன் சிரித்தான். பொறியாளர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் தரைப்பாலத்தின் நடுவே நிழல் இருந்தது. இரண்டு பிளக்ஸ்களையும் வலை பின்னும் நைலான் நரம்பால் ஓரம் சேர்த்துத் தைத்து, நான்கு மூங்கிலில் கட்டியிருந்தார்கள். தலைவரும் தலைவியும் மேலே வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை. ஒரு மூங்கிலைப் பரணிதரன் பிடித்திருந்தான், ஒன்றைத் தேவதர்ஷினி. மற்ற இரண்டையும் யார் பிடித்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அளந்து முடித்து ஹேமாம்புஜம் சொன்னார்: "மதிப்பீடு இந்த வாரமே போயிடும். இனிமே இதை யாராலயும் மூட முடியாது, நான் பாத்துக்கறேன். ஆனா உண்மையைச் சொல்லிடறேன். இந்த மழைக்குப் பாலம் வராது. அடுத்த மழைக்குத்தான்."

தேவதர்ஷினியின் கை மூங்கிலில் இறுகியது. இந்த மழை. நீலப் பை. ஹாஸ்டல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பை. பரணிதரன் அவளைப் பார்த்தான். "பரவால்ல தேவா, ஒரு வருஷம்தான, டவுனுக்கே" என்று தொடங்கினான்.

"இல்ல" என்றாள் அவள். அப்பாவிடம் திரும்பினாள். "நைனா, உங்ககிட்ட போட் இருக்கு. அத்தைக்கும் இருக்கு. வேலைக்குப் போறவங்க, ஸ்கூலுக்குப் போறவங்க எல்லாரையும் காலையில உங்க போட் அக்கரைக்குக் கொண்டுபோகட்டும். சாயங்காலம் அத்தை போட். மழை முடியறவரைக்கும். மனுவுல ஒண்ணா இருந்தா போதாது, தண்ணியிலயும் இருக்கணும்."

துலுக்காணம் கனகாம்பாளைப் பார்த்தார். "கொடி கட்டக் கூடாது" என்றார்.

"நீங்களும் கட்டக் கூடாது."

"நான் ஏன் கட்டப்போறேன்? இருகட்சி போட்டுல யாராவது கொடி கட்டுவாங்களா?"

அந்தச் சொல் அன்றிலிருந்து ஊரில் நடமாடத் தொடங்கியது. படகு 'இருகட்சி போட்' ஆயிற்று. குழாயடியில் வரிசை தகராறு வந்தால், "இருகட்சியா புடிங்கடி" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டைக்கூட யாரோ அப்படிச் சொன்னார்கள். யாரும் கட்சி மாறவில்லை. தேநீர்க் கடையில் சண்டை முன்னைவிடப் பலமாகவே நடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. அந்தக் காலையில் தேவதர்ஷினி சூப்பர்வைசர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பரணிதரன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தான். சாயங்காலம் அவள் வரும்போது நண்டு இருக்கும் என்றான். நீலப் பை மூலையிலேயே இருந்தது. கனகாம்பாள் அதில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள்.

துலுக்காணம் கோலோடு படகில் நின்றிருந்தார். எல்லோரும் ஏறினார்கள். தேவதர்ஷினி உட்கார்ந்ததும் மழை சாய்ந்து அடிக்கத் தொடங்கியது. பின்னாலேயே கனகாம்பாள் வேகமாக வந்தாள், தலையில் வழக்கமான சிமென்ட் சாக்கு. கையில் ஏதோ நீளமாக, பேப்பரில் சுற்றியிருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தாள்.

புதுக் குடை.

படகிலிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். துலுக்காணத்தின் கை கோலில் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா பாக்கறீங்க?" என்று கனகாம்பாள் குடையை விரித்து மருமகளின் தலைக்குமேல் பிடித்தாள். "புள்ள நனஞ்சிக்கினே வேலைக்குப் போவணுமா? நான் மணிதான். இது மழைக்கு."

"நீங்களும் உள்ள வாங்க அத்தை, நனையறீங்க."

"எனக்கு சாக்கு கீது" என்றாள் அவள். குடையை மருமகள் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரிலேயே நின்றாள்.

துலுக்காணம் கோலை ஊன்றினார். படகு அசைந்து விலகியது. எதிரே, மழைப் புகைக்குள், ஒரு சின்னத் தோணி வந்துகொண்டிருந்தது. அவர் "ஓரம், ஓரம்!" என்று கத்த வாயெடுத்தார். பிறகு ஒரு கணம் கரையில் நின்ற சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த சைக்கிள் மணி ஒன்றை எடுத்தார். பல வருடங்களுக்கு முன்னால் எறிந்துவிட்டதாகச் சொன்ன அதே மணி.

மழைச் சத்தத்துக்கு மேலே அது தெளிவாக ஒலித்தது. தேவதர்ஷினி குடைக்குள்ளிருந்து கரையைப் பார்த்தாள். அத்தை சாக்குக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். பரணிதரன் முழங்கால் தண்ணீரில் நின்று, சாயங்காலம் என்று கையால் சைகை காட்டினான்.

சாயங்காலம் என்று அவளும் காட்டினாள்.